மாலை வேண்டாம், மேசை கொடுங்கள்

நம்மில் ஒருவர் எழுத்தாளர் என்று தெரிந்துவிட்டால் அவரை என்ன செய்வது என்று நம் குடியிருப்புகளுக்குத் தெரிவதில்லை. மேடையில் ஏற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், "எங்கள் பகுதியின் பெருமை" என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறோம். மறுநாள் காலையில் அவர் பல் துலக்குவதற்கு முன்பே, ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தரச் சொல்லி வாசலில் நிற்கிறோம். அவர் எழுதிய நாவலை மட்டும் வாங்குவதில்லை. வாங்கினாலும் படிப்பதில்லை. படித்த இரண்டொருவரில் ஒருவர், "இது என் மாமியார் கதையல்லவா, யாரைக் கேட்டு எழுதினார்?" என்று சண்டைக்குப் புறப்படுகிறார்.

வெளியூர்ப் புகழை எழுத்தாளர் தாங்கிக்கொள்வார். டில்லியில் பரிசு கொடுத்தால் வாங்கிக்கொண்டு இரயிலேறி வந்துவிடலாம். உள்ளூர்ப் புகழ் அப்படியல்ல. அது தண்ணீர்க் குழாயடியில் நிற்கும், நாக்காவில் நிற்கும், வேலைக்குப் போகும் லோக்கல் வண்டியில் எதிர் இருக்கையில் வந்து உட்காரும். நேற்று வரை தேநீர்க் கடையின் மூலையில் அமர்ந்து நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். இன்று அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அல்லது, அவர் எழுத வேண்டும் என்பதற்காகவே உரக்கப் பேசப்படுகிறது. இரண்டுமே அவருக்கு நட்டம். யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் நாவலாசிரியரின் மூலதனம். ஊர் அவரைக் கண்டுகொண்டதும் முதலில் பறிபோவது அதுதான். அதற்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

இதை நம் குடியிருப்பை மட்டும் வைத்துப் பேசினால் வீட்டுச் சண்டையாகிவிடும். ஆகவே முதலில் கல்கத்தாவுக்குப் போவோம்.

மனோரஞ்சன் வியாபாரி என்ற வங்க நாவலாசிரியரை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். (குலப்பெயர்தான் வியாபாரி, வங்காளிகள் 'பியாபாரி' என்பார்கள். விற்பதற்கு அவரிடம் இருந்த சரக்கு உடல் உழைப்பு ஒன்றுதான்.) கிழக்கு வங்கத்தில் நாமசூத்திரர் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவர் குடும்பம் மேற்கு வங்கத்துக்கு அகதிகளாக வந்து முகாமில் கிடந்தது. பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. சிறு வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, தேநீர்க் கடைகளில் குவளை கழுவியும் கிடைத்த கூலிவேலை செய்தும் ஊர் ஊராக அலைந்தார். எழுபதுகளின் கொந்தளிப்பில் சிறைக்குப் போனார். எழுதப் படிக்கக் கற்றது அங்கேதான், சிறைத் தரையில் எழுதிப் பார்த்து. வெளியே வந்தபோது அவரிடம் இருந்தது தீராத படிப்பு வெறி. பிழைப்புக்கு யாதவ்பூர்ப் பகுதியில் ரிக்ஷா மிதித்தார்.

சவாரி இல்லாத நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் படிப்பார். ஒரு நாள் ஒரு சொல் பிடிபடவில்லை. 'ஜிஜீவிஷா' என்பது அந்தச் சொல். வண்டியில் ஏறிய அம்மையார் கல்லூரி ஆசிரியை போலத் தெரிந்ததால் அவரிடமே பொருள் கேட்டார். உயிர் வாழ வேண்டும் என்கிற வேட்கை என்று அந்த அம்மையார் சொன்னார். இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்று விசாரித்துவிட்டு, உன் வாழ்க்கையை என் பத்திரிகைக்கு எழுது என்று முகவரியும் கொடுத்தார். அவர்தான் மகாசுவேதா தேவி. உழைப்பவர்களின் எழுத்தையே தேடித் தேடி அச்சிட்ட அவருடைய 'வர்த்திகா' இதழில், 1981ஆம் ஆண்டு, ரிக்ஷாக்காரர் தம் தொழிலைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நான் சொல்ல வந்தது பிற்பாதியை.

கட்டுரை அச்சான மறுநாளும் அவர் வண்டி மிதிக்கத்தான் போனார். எழுத்தாளர் என்பதற்காக யாரும் கூலியைக் கூட்டிக் கொடுப்பதில்லை அல்லவா? பிறகு தண்டகாரண்யம் பக்கம் போனார். சத்தீஸ்கரில் சங்கர் குஹா நியோகியின் தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். நியோகி 1991இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் கல்கத்தாவுக்குத் திரும்பிய வியாபாரிக்குக் கிடைத்தது, காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் சமையல்காரர் வேலை. அடுப்பு, அண்டா, கரண்டி. விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு மிச்ச நேரத்தில் எழுதினார். கதைகள் வந்தன, நாவல்கள் வந்தன, தன்வரலாறு வந்தது. தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்து, 'இந்து' நாளேட்டின் அவ்வாண்டுக்கான பரிசைப் பெற்றது. சிறையைப் பற்றிய அவருடைய நாவல் ஒன்று 2019இல் ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

முதல் கட்டுரைக்கும் ஆங்கிலம் படித்தவர்கள் அவரைக் கண்டுபிடித்ததற்கும் இடையே 37 ஆண்டுகள்! இது போகட்டும்; வங்காளத்துப் பெரியமனிதர் இலக்கியம் என்றைக்கு ஒரு நாமசூத்திரரைத் தேடிப் போயிற்று? நான் சொல்லும் அநீதி வேறு. பரிசு வந்த பிறகும் அவர் அதே அடுப்பின் முன்னால்தான் நின்றார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். கழுத்தில் துண்டு, கையில் கரண்டி, பக்கத்தில் புத்தகம். படம் எடுத்தவர்களுக்கு அது அழகான காட்சி. அவருக்கோ அறுபத்தைந்தைத் தாண்டிய வயது, முழங்கால் தாங்கவில்லை, அண்டாவைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புகைப்படத்துக்காக வந்தவர்களில் எத்தனை பேர் அந்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகப் படியேறியிருப்பார்கள்?

2020இல்தான் மாநில அரசு அவரைச் சமையலறையிலிருந்து ஒரு நூலகத்துக்கு மாற்றியது. என்னைக் கேட்டால், அவர் வாங்கிய பரிசுகள் எல்லாவற்றையும்விட அந்த மாற்றல் உத்தரவே பெரியது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுற்றிலும் புத்தகம். 1981லேயே யாராவது கொடுத்திருக்கலாம்.

அந்த மேசையில் அவரை எவ்வளவு நாள் உட்கார விட்டார்கள்? அதே 2020இல், புதிதாக ஏற்படுத்திய மேற்கு வங்க தலித் இலக்கிய அகாடமிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். 2021இல் ஹூக்ளி மாவட்டம் பலாகர் தொகுதியில் திரிணாமூல் வேட்பாளராக நிறுத்தினார்கள், வென்றார். ரிக்ஷா மிதித்த அகதி சட்டமன்றத்துக்குள் போனது சிறிய செய்தியல்ல, அதை நான் குறைத்துப் பேசவில்லை. எழுத்தையும் அவர் விட்டுவிடவில்லை. 2022இலும் அவருடைய 'இமான்' நாவல் அதே ஜேசிபி பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தாளரைக் கண்டுகொண்டவுடன் நமக்குத் தோன்றுவது, இவரை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுதான். தலைவராக்கலாம், வேட்பாளராக்கலாம், பேனரில் முகத்தைப் போடலாம். எழுதுவது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் பொருத்தமானவராகிவிடுகிறார். சாக்கடை அடைத்தால் அவர் வாசலுக்குப் போகிறோம். சாக்கடையைச் சரிசெய்ய வேண்டியவர்கள் நிம்மதியாக வீட்டில் தூங்குகிறார்கள்.

கல்கத்தா தொலைவு என்று நினைப்பவர்களுக்கு மும்பையிலேயே ஒருவரைக் காட்டுகிறேன். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பை நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்குகளில் வேலை செய்ய வந்து குடியேறிய வட்டாரம். அதே லேபர் கேம்பில் வாழ்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே. 1920இல் வாட்டேகாவ் என்ற கிராமத்தில், மாங் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பெற்றோருடன் நடந்தே மும்பை வந்து சேர்ந்தார் என்று மராட்டியர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தைக் கண்டது ஒன்றிரண்டு நாள். மூட்டை தூக்கினார், மில்லில் வேலை செய்தார். லேபர் கேம்பின் கொசுத்தொல்லையைப் பற்றிப் 'பவாடா' கட்டிப் பாடினார். பவாடா என்றால் சிவாஜியைப் போன்ற வீரர்களைப் பாடும் கதைப்பாட்டு. அந்த மெட்டில் கொசுவைப் பாடினால் கேட்பவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்! உள்ளூர் அவரைக் கண்டுகொண்டது இப்படித்தான். நாவலாசிரியர் ஆவதற்கு முன்பே அவர் தெருவுக்குச் சொந்தக்காரர்.

1944இல் அமர் ஷேக்கோடும் கவாண்கரோடும் சேர்ந்து செங்கொடிக் கலைக்குழு அமைத்தார். ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில், ஊரில் மனைவியை விட்டுவிட்டு மும்பைக்கு வந்த தொழிலாளியின் ஏக்கத்தை அவர் லாவணியாகப் பாட, மில் தொழிலாளர்கள் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். (ஊரில் குடும்பத்தை விட்டு வந்தவன் பாட்டு நமக்கும்தானே சொந்தம்!) முப்பதுக்கு மேல் நாவல் எழுதினார். 1959இல் வந்த 'பகீரா' மாநில அரசின் பரிசைப் பெற்றது. அதை அண்ணல் அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். நாவல்கள் திரைப்படங்களாயின. 1961இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் வாழ்ந்தது எங்கே? காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில். ஓராண்டு ஈராண்டல்ல, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு மேல். அந்தக் குடியிருப்பின் மனிதர்களையே 'சிராக் நகரின் பேய்கள்' என்று கதைகளாக்கினார். கடைசிக் காலத்தில் கோரேகாவில் அரசு ஒரு வீடு கொடுத்தது. 1969 ஜூலை 18ஆம் நாள் வறுமையிலேயே இறந்தார். வயது 49 நிறையவில்லை.

இறந்த பிறகு குறையே இல்லை. 1985இல் அவர் பெயரால் அரசு வளர்ச்சிக் கழகம். 2002இல் அஞ்சல் தலை. 2022இல் மாஸ்கோவின் நூலகத்தில் சிலை. மும்பையில் அவர் பெயரால் நகர் உண்டு, சாலை உண்டு, ஆகஸ்டு 1ஆம் நாள் தோறும் ஊர்வலம் உண்டு. நம் பிள்ளைகளும் அந்த ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடுகிறார்கள். ஆடட்டும். சிலைகள் தேவையில்லை என்று சொல்கிற மேதாவிகளில் நான் சேர்ந்தவனல்லன். ஒடுக்கப்பட்டவர்களின் சிலை நாற்சந்தியில் நிற்பதற்கு ஒரு பொருள் உண்டு. ஆனால் அந்த ஊர்வலத்தில் போகிறவர்களைப் பிடித்து 'பகீரா' படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கைகள் எழும்? வாழ்ந்தபோது மக்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள், அது உண்மை. ஆனால் அவர் கீழே இறங்கியபோது உட்கார இடம் இருந்ததா என்று பார்க்கவில்லை.

பெண்கள் எழுதினால் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. பேபி ஹால்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அல்லர், தன்வரலாறு எழுதியவர். ஆனால் நம் பெண்கள் எல்லாருக்கும் அறிமுகமாக வேண்டியவர். 12 வயதில் கட்டிக் கொடுக்கப்பட்டு, அடி உதையில் காலம் தள்ளி, 1999இல் மூன்று குழந்தைகளோடு வங்காளத்திலிருந்து டில்லிக்கு இரயிலேறியவர். குர்காவில் வீட்டுவேலை செய்தார். ஒரு வீட்டின் உரிமையாளர் பிரபோத் குமார் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், பிரேம்சந்தின் பேரர். அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண்ணின் கை புத்தகங்களின் மேல் தயங்கி நிற்பதை அவர் பார்த்தார். படிக்கப் புத்தகமும், எழுத நோட்டும் பேனாவும் கொடுத்தார். 'ஆலோ ஆந்தாரி' பிறந்தது. 2006இல் ஆங்கிலத்தில் வந்து நாடெங்கும் பேசப்பட்டது.

பேசப்பட்ட பிறகும் பேபி ஹால்தார் அந்த வீட்டில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். இதைப் படிக்கிற நம் சகோதரிகளில் எத்தனை பேர் செம்பூரிலும் முலுண்டிலும் காலையில் நாலு வீடு, மாலையில் மூன்று வீடு என்று பாத்திரம் துலக்குகிறீர்கள்! உங்களில் ஒருவர் எழுதினால் உங்கள் தெரு என்ன சொல்லும்? முதலில், "இவளுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது?" என்று கேட்கும். கணவரின் நண்பர்கள், "என்னப்பா, உன் வீட்டு விஷயமெல்லாம் புத்தகத்தில் வந்துவிட்டதாமே?" என்று கிண்டல் செய்வார்கள். ஆண் எழுத்தாளருக்குத் தெருவின் அங்கீகாரம் தொல்லை; பெண்ணுக்கு அது விசாரணை. பொன்னாடை போர்த்திவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், அங்கே அவளைத் தண்ணீர்க் குடமும் எதிர்க்கேள்வியும் காத்திருக்கின்றன. அன்று இரவு அவள் எழுதுவாளா?

இன்னொரு கசப்பையும் மறைக்கக் கூடாது. நம்மைப் பற்றி எழுதினால் நமக்குக் கோபம் வருகிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, ஊரைக் கேவலமாக எழுதிவிட்டார் என்று சொந்த மக்களே சினந்தார்கள். ஏழு மாதம் அவரால் தம் ஊருக்குள் நுழைய முடியவில்லை. சாதிக் கொடுமையை எழுதியவரை, அந்தக் கொடுமையை அனுபவிக்கும் மக்களே தள்ளிவைத்தார்கள்! இன்று அந்த நூல் பல்கலைக்கழகங்களில் பாடம். தலித் இலக்கியத்தைப் பற்றி எந்த மொழியில் பேசினாலும் அதன் பெயர் வராமல் போகாது. அந்த மக்களின் கோபத்தை நான் இகழவில்லை. ஏற்கெனவே ஊரெல்லாம் நம்மைக் கேவலமாகப் பேசுகிறது, நம் வீட்டுப் பெண்ணும் நம் அழுக்கை வெளியே காட்டுகிறாளே என்ற வேதனை அது. நாம் பிழைக்க வந்த ஊரில் இந்த வேதனை இரட்டிப்பு. "மதராஸி" என்று இளக்காரமாகக் கூப்பிடுகிற நகரத்தில், நம் சால்களில் குடிப்பவர் உண்டு, வட்டிக்கு விட்டுக் கழுத்தை அறுப்பவர் உண்டு, இங்கு வந்தும் சாதி பார்ப்பவர் உண்டு என்று ஒரு நாவலில் வந்தால் நமக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

தைக்கட்டும் தோழர்களே! நம்மைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதுகிறவர் வேண்டும் என்றால் அதற்குச் சங்க ஆண்டு மலரில் வாழ்த்துப் பா எழுதுகிற புலவர்கள் போதும். நாவலாசிரியர் எதற்கு? வட்டிக்கடைக்காரரை எழுதியதற்காக எழுத்தாளரிடம் சண்டைக்குப் போகிற நாம், வட்டிக்கடைக்காரரிடம் ஒரு நாளாவது சண்டைக்குப் போயிருக்கிறோமா? அவர்தானே விழாவுக்கு அதிக நன்கொடை கொடுக்கிறார்; அவர்தானே எழுத்தாளருக்கே பொன்னாடை போர்த்துகிறார். கையில் பொன்னாடையோடு நிற்கும் அவரைப் பார்த்து, அடுத்த நாவலில் எதை விடலாம் என்று எழுத்தாளர் யோசிக்கத் தொடங்கினால், அன்றே நம் தெரு ஒரு நாவலை இழந்துவிட்டது. உள்ளூர்ப் பாராட்டில் இருக்கிற நஞ்சு இதுதான். வசவைக்கூட எழுத்தாளர் சமாளித்துவிடுவார். அன்பாகக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொடுத்தவரைப் பற்றி உண்மை எழுதுவது யாருக்கும் கஷ்டம்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும் என்று கேட்பீர்கள். தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தால் 350 சதுர அடி, இல்லாவிட்டால் வேறு கதை. மேல்மாடத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கும் நாலு பிள்ளைகளை அங்கேயே பெற்றவளுக்கும் கணக்கில் என்ன இடம் என்று நம் வீடுகளில் இரவெல்லாம் பேச்சு. அந்தச் சண்டை நடக்க வேண்டிய இடத்தில் நடக்கட்டும், இவ்விதழிலும் எழுதிவருகிறோம். நான் சொல்வது வேறொரு கணக்கை. எண்ணிக்கை எடுப்பவர் வீட்டின் அகலத்தை அளப்பார். அந்த வீட்டில் மூன்று தலைமுறை எப்படி முறை வைத்துத் தூங்கியது என்பதை அளக்கமாட்டார். தோல் கிடங்கின் வாடையில் நம் பாட்டி எப்படி இட்லி அவித்து விற்றாள், 1992–93 கலவரத்தில் எந்தக் கதவு யாருக்குத் திறந்தது, எது திறக்கவில்லை என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. சந்துகள் போய்விடும். சந்து இருந்தது என்பதற்கு நாளைக்கு எழுத்துதான் சாட்சி. அந்தச் சாட்சியை நம்மில் ஒருவர் எழுதாவிட்டால், வெளியிலிருந்து வந்து ஒரு வாரம் சுற்றிப் பார்த்துப் போகிறவர் எழுதுவார். எழுதியும் இருக்கிறார்கள், பார்த்தும் இருக்கிறோம்: ஒன்று சாக்கடை, அல்லது சாதனை. நடுவே குடியிருக்கிற மனிதர்களைக் காணோம்.

நம் குடியிருப்புகளில் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே மாலையோடு கிளம்பிவிடுவீர்கள். பகலில் தையல் கூடத்திலும் பட்டறையிலும் வேலை செய்துவிட்டு, வீட்டில் எல்லாரும் படுத்தபின் வாசல்படியில் தெருவிளக்கில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. இப்போது செல்பேசியில் தட்டியே நாவல் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் எதையும் கேட்காமல், அவர்கள் உட்கார ஓர் இடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மனு எழுத வேண்டுமா? சங்கத்தில் படித்த இளைஞர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் முறை வைத்து உட்கார்ந்தால் எல்லா மனுவும் முடிந்துவிடும். எழுத்தாளர் ஒருவர் தலையில் அத்தனையையும் கட்டுவானேன்? விழாவில் அவர் பேச வேண்டுமா? பேச விருப்பமா என்று முதலில் கேளுங்கள். வரமாட்டேன் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல நாவல் எழுதுகிற பலருக்கு ஒலிபெருக்கியைக் கண்டால் நா வறண்டுவிடும். புத்தகம் வந்தால் இலவசப் பிரதி கேட்பதை அறவே நிறுத்துங்கள். சினிமாச் சீட்டுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் தருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்தை இனாமாக எதிர்பார்ப்பது வெட்கக்கேடு. படித்தபின் அவரைத் தெருவில் பார்த்தால், "அண்ணாச்சி, அந்த மூன்றாம் அத்தியாயத்துக் கிழவி செத்திருக்கக் கூடாது" என்று சண்டை போடுங்கள். அந்தச் சண்டையை எந்த எழுத்தாளரும் வெறுக்கமாட்டார்.

வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கவிருக்கிறேன். நம் படிப்பகம் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படுகிறது. அதற்குப் பிறகு காலை ஐந்து மணிவரை ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி சும்மா கிடக்கின்றன. எழுதுகிற உறுப்பினர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், அந்த அறையின் மறுசாவி ஒன்று தரப்பட வேண்டும். என்ன எழுதுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. நிர்வாகக் குழுவும் கேட்கக் கூடாது. பெண்கள் வருவதற்கு இரவு வசதிப்படாது என்றால், ஆண்கள் சீட்டாடுவதற்காக ஒதுக்கியிருக்கிற பிற்பகல் இரண்டு முதல் நாலு மணியை அவர்களுக்கு மாற்றிவிடலாம். இதற்கு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். மின்கட்டணம் கூடுமே என்று பொருளாளர் கேட்பார். மாதம் இருநூறோ முந்நூறோ கூடலாம். பொங்கல் விழாவுக்குப் பொன்னாடைகள் வாங்க ஒதுக்கியிருக்கும் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.